நள்ளிரவிலிருந்து எண்ணிய ஓரை

இன்று காலை மதுரையிலிருந்து மருமகள் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அத்தை, ஒன்பது மணிக்கு மேல் உள்ளே அழைத்துப் போகிறார்கள். குரு ஓறை. பயப்படாதீங்க." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். வல்லின ற. ஓரைக்கு இடையின ர என்று அவளுக்குப் பதில் எழுத விரல் போனது. போன விரலை எடுத்துக்கொண்டேன். பிழையைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதுதான் வழக்கம் என்று உனக்குத் தெரியும். இன்று அந்த இடத்தில் பயம் வந்தது. பயத்தோடு உன் நினைவும் வந்தது.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் இப்படிப்பட்ட காலையில் உன்னைத் தவிர வேறு யாருக்கு நான் எழுதுவது? உள்ளே போகப்போகிறவன் என் மகன். ஊருக்குக் குருசாமி, உனக்கு மட்டும் குருசு. நெஞ்சைத் திறந்து, அடைத்துப்போன குழாய்களுக்கு மாற்றுவழி வைக்கப் போகிறார்களாம். என் முழங்கால் மாடிப்படி ஏறவிடாது என்பதால் என்னைத் திண்டுக்கல்லிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அறுவை செய்கிற டாக்டர் வெளிநாட்டில் படித்தவராம். "நல்ல நேரம் ஏதும் பாக்கணும்னா இப்பவே சொல்லிருங்கம்மா" என்று அவரேதான் மருமகளிடம் கேட்டாராம். நீ இருந்திருந்தால், "பாபிலோன்காரனுக்கு இன்னும் வேல போகலடி" என்று சொல்லியிருப்பாய்.

கான்வென்ட் விடுதியில் நாம் இருந்த ஐம்பதுகளின் மாலை நேரம் ஞாபகம் இருக்கிறதா? மாதாகோயில் மணி அடித்ததும் சிஸ்டர்கள் லத்தீனில் ஜெபம் சொல்லத் தொடங்குவார்கள். எங்களைப் போன்ற இந்துப் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஜெபத்தில் ஒரே ஒரு சொல்தான் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தேன். ஓரா. என் அப்பாவின் புகையிலை மண்டியில் வண்டி கிளம்பும் முன் அவர் விரல் கணுக்களில் எண்ணிப் பார்ப்பது ஓரைதான். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்தால் சூரியன், அப்புறம் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். மணிக்கு ஒரு கிரகம். ஏழு முடிந்தால் மறுபடி சூரியன். பொழுது விடிகிற நேரத்தில் இருக்கும் கிரகத்தின் பெயர்தான் அந்தக் கிழமைக்கும். எழுதப் படிக்கும் முன்னே எனக்கு அது பாடம்.

அந்த ஓரா என்ற சொல்லை ஒட்டி என்ன சொல்கிறார்கள் என்று உன்னிடம் கேட்டேன். மரண நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அர்த்தம் என்றாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நாலாம் நாள் சாப்பாட்டு அறையில் வைத்து உன்னைக் கேட்டேன்.

"ஏ புள்ள, உங்க சாமிக்கும் ஓரை உண்டா?"

"என்னடி உளறுற?"

"சிஸ்டர்மாரு தெனமும் சாவு ஓரையச் சொல்லித்தான வேண்டுறாக. அது எந்தக் கெரகத்து ஓரைன்னு தெரிஞ்சா, நாம அந்த நேரம் வெளிய போகாம இருந்துக்கலாம்ல?"

நீ சிரித்த சிரிப்பில் கஞ்சி மூக்கில் ஏறிவிட்டது. விஷயம் சிஸ்டர் வரைக்கும் போனது. லத்தீன் மொழியில் சோதிடம் கிடையாது என்று அவர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். நான் நம்பவில்லை.

பிறகு நீ அதே பள்ளியில் சரித்திர டீச்சராக ஆனாய். நான் ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவாய். அப்படி ஒரு ஞாயிறு, வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கத்தினாய்: "அன்னைக்கு நீ சொன்னது தப்பே இல்லடி!"

என் மாமியார் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அவர் முறத்திலிருந்து ஏழு மொச்சையை எடுத்து வட்டமாக வைத்தாய். வானத்தில் மெதுவாகப் போகிற சனியில் தொடங்கி வேகமாக ஓடுகிற சந்திரன் வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாய். மொச்சைக்கு ஒரு மணி என்று சனியிலிருந்து இருபத்துநாலு எண்ணினாய். அடுத்த மொச்சை சூரியன். அதிலிருந்து இருபத்துநாலு, அடுத்தது சந்திரன். அப்புறம் செவ்வாய். கிழமைகள் வரிசையாக முறத்திலிருந்து எழுந்து வந்தன. நட்சத்திரம் பார்த்து எழுதி வைத்தவன் பாபிலோன்காரன், நாளை இருபத்துநாலாக வகுத்தவன் எகிப்துக்காரன், அதற்கு ஓரா என்று பெயர் வைத்தவன் கிரேக்கன். அந்தச் சொல் கப்பலேறி நம்மிடம் வந்து ஓரை ஆனது, லத்தீனில் ஏறி சிஸ்டர்களின் ஜெபத்தில் உட்கார்ந்தது, இங்கிலீஷில் ஹவர் ஆகி நம் பள்ளி மணியாக அடிக்கிறது என்றாய்.

"சந்த கூடுற கிழம, எங்க பூச, ஒங்க வெரதம், ஸ்கூல் லீவு, அம்புட்டுக்கும் செத்து மண்ணாப்போன பாபிலோன்காரந்தான்டி இன்னும் மணியடிக்கிறான்."

மாமியார் முறத்தை எட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா பல்லாங்குழி ஆடி முடிச்சிட்டாகன்னா மொச்சையக் குடுங்க. வெஞ்சனம் வைக்கணும்."

நீ சந்தோஷமாக இருந்தாய். எனக்கோ பயம் கூடிவிட்டது. அப்பாவும் சோதிடரும் மட்டும் சொன்னால் அது நம் ஊர்ப் பயம். கடலுக்கு அப்பால் இருந்தவர்களும் அதையே எண்ணினார்கள் என்றால்? உன்னிடம் சொன்னேன். "பழசா இருந்தா உண்மையாயிருமாடி?" என்று கேட்டாய். "பொய்யா இருந்தா இம்புட்டுச் சனம் இம்புட்டுக் காலம் ஏன் பயப்பட்டுச்சு?" என்றேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தை மாதம் வந்தது. எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன, உலகம் தாங்காது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. வெளியூரில் வேலை பார்த்தவர்கள், செத்தால் ஒன்றாகச் சாவோம் என்று பெட்டி படுக்கையோடு வீடு வந்து சேர்ந்தார்கள். தக்காளி பறிக்க ஆள் வராமல் செடியிலேயே பழுத்து வெடித்தது. கோயில்களில் யாகம் வளர்த்த புகை சமவெளி முழுக்கப் படிந்து, துணியெல்லாம் நெய் வாடை அடித்தது. எப்படியும் போகப்போகிறது என்று பக்கத்து வீட்டார் வளர்த்த ஆட்டை அறுத்துத் தின்றுவிட்டு, பிறகு அதற்கும் சேர்த்து அழுதார்கள்.

நான் நிறைமாதம். அதற்கு முந்தின பிரசவத்தில் வலி வந்ததும் நேரம் காலம் பார்க்காமல் வண்டி கட்டிக்கொண்டு ஓடினோம். வெறுங்கையோடு திரும்பினோம். அந்தப் பிள்ளை போனதற்குத் தான்தான் காரணம் என்று என் மாமியார் நினைத்தார். என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. இந்த முறை சோதிடரைக் கூட்டி வந்து கேட்டார். கிரகங்கள் பிரியும்வரை வாசற்படி தாண்டக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

கிரகங்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ரத்தம் போகத் தொடங்கியது. வலிக்கு முன்னே ரத்தம். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் நின்றாள். உச்சிப் பொழுது தாண்டி நீ வந்தாய். பஸ்ஸில் வேறு யாருமே இல்லை என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவள், பாயைப் பார்த்ததும் நின்றுவிட்டாய்.

"அத்தே, ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும். இப்பவே."

"நாளைக்குச் சாயங்காலம் போயிருவோம் டீச்சரம்மா. படி தாண்டப்படாதுன்னு சொல்லியிருக்காக."

"அதுவரைக்கும் இவ ஒடம்புல ரத்தம் இருக்கணும்ல?"

"போன தடவ இப்படித்தான் அவசரப்பட்டு..." மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் கணவர் கதவோரம் நின்று, "ஆத்தா, ஆத்தா" என்பதைத் தவிர வேறு சொல் தெரியாதவரைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ அவர்கள் யாரிடமும் வாதாடவில்லை, சோதிடரைத் திட்டவும் இல்லை. மாமியாருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாய். "சரி அத்தே. ஓரை பாத்தே போவோம். எனக்குப் பாக்கத் தெரியும், அன்னைக்கு மொச்சையில எண்ணினேன்ல?" என்று சொல்லி விரல்களை மடக்கி எண்ணினாய். உதடு அசைந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். பன்னிரண்டே முக்கால்.

"குரு ஓரை. ஒரு மணிக்கு முடிஞ்சுரும். அதுக்குள்ள படி தாண்டிட்டா எட்டுக் கெரகம் என்ன, எண்பது வந்தாலும் தொட முடியாது. வண்டியப் பூட்டச் சொல்லுங்க."

குரு என்ற சொல்லைக் கேட்டதும் மாமியார் எழுந்தார். "ஏலே, மாட்டப் பூட்டுடா!" என்று அவர் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

பாயில் கிடந்த நான் எண்ணிவிட்டேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஞாயிறு, விடிந்ததும் சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு. குரு ஓரை உச்சியோடு போய்விட்டது. இப்போது செவ்வாய். நீ எண்ணியது எங்கே பிசகியது என்பதும் உடனே தெரிந்தது. நீ இங்கிலீஷ் நாளைப் போல நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து எண்ணியிருந்தாய். அப்படி எண்ணினால்தான் அந்த நேரத்துக்குக் குரு வரும். ஓரையைப் பொழுது விடிவதிலிருந்து எண்ண வேண்டும். கான்வென்டில் படித்து, கடிகாரத்தோடு வளர்ந்தவள்தான் இப்படித் தப்புச் செய்ய முடியும்.

செவ்வாய் ரத்தத்துக்கும் கத்திக்கும் உரியவன் என்பார் அப்பா. அந்த ஓரையில் மண்டியில் வண்டிச்சக்கரம் உருளாது. நான் கிடந்ததோ ரத்தத்தில், போகப்போவதோ கத்தியிடம். வாயைத் திறந்தேன். மாமியார் என் தலைக்கடியில் கையைக் கொடுத்து, "தாயி, குரு ஓரையாம்டா. பயப்படாத" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

சாலைவரைக்கும் கூண்டு வண்டி. அங்கே கைகாட்டியதும் நின்ற பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும்தான் இருந்தார்கள். "ஏறுங்க ஏறுங்க. ஒலகம் அழியிற அன்னைக்கும் எங்க முதலாளி வண்டிய எடுக்கச் சொல்லிட்டாரு" என்ற கண்டக்டர், என் சேலையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். பிறகு டிரைவரிடம் ஏதோ சொன்னார். திண்டுக்கல் வரும்வரை பஸ் எங்கும் நிற்கவில்லை.

நீண்ட சீட்டில் என்னைப் படுக்கவைத்து, தலையை உன் மடியில் வைத்துக்கொண்டாய். "கண்ண மூடாத. எண்ணு. சனிக்கு அடுத்து யாரு?"

"குரு."

"குருவுக்கு அடுத்து?"

"செவ்வாய்." அந்தச் சொல்லைச் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"சொல்லுடி, செவ்வாய்க்கு அடுத்து? ஆகாசத்துல கட்டம் போட்டவன் செத்து மண்ணாயிட்டான். அவன் போட்ட கட்டத்துக்குள்ள ஒக்காந்துக்கிட்டு நாம நடுங்குறோம். மகரம்னு அவன் என்னத்த வரைஞ்சு வச்சான் தெரியுமா? பாதி ஆடு, பாதி மீனு. அதுக்கா பயப்படுற?"

ஊரே உன்னைப் பயமில்லாதவள் என்று சொல்லும். ஆனால் என் நெற்றியில் இருந்த உன் கை கிணற்று நீரைப் போலச் சில்லென்று இருந்தது. உன் வாய் பாபிலோனைக் கேலி செய்துகொண்டிருந்தது. இடையிடையே அது லத்தீனில் முணுமுணுத்தது. ஓரா என்ற சொல் என் காதில் விழுந்தது.

இன்னும் செத்த நேரம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். மறுநாளும் பொழுது விடிந்தது. கிரகங்கள் பிரிந்தன. சனங்கள் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு தக்காளி பறிக்கப் போனார்கள். மாமியாருக்கு மட்டும் வெட்கமில்லை, பெருமைதான். ஊரையே மிரட்டிய எட்டுக் கிரகத்தையும் ஒரு ஓரையால் தாண்டிய பேரன் அல்லவா? குருசாமி என்று பெயர் வைத்தார். நீ தொட்டிலுக்குள் குனிந்து, "ஒங்களுக்குக் குருசாமி. எனக்கு குருசு. எங்க கோயில் கோபுரத்து மேல சிலுவையா நிக்கிறவன்" என்றாய். மாமியார் உன் கன்னத்தில் இடித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் என் மகனின் பெயரே ஒரு தப்புக் கணக்கு என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். கணவரிடம்கூடச் சொல்லவில்லை, அவர் போகும்வரை. செவ்வாய் ஏமாந்துபோனான், தன் பங்கைக் கேட்டு ஒருநாள் வருவான் என்று காத்திருந்தேன். பையன் மரத்திலிருந்து விழுந்து முழங்கை பிளந்தபோது இதுதானோ என்று நினைத்தேன். சைக்கிளில் லாரி உரசியபோதும் அப்படித்தான். அவன் படித்து, பாலம் கட்டும் வேலைக்குப் போய், உயரத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்பியபோது அந்தப் படத்தை அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தேன். அவனோ இதையெல்லாம் கேலி செய்வான். "அம்மா பத்தாயிரம் தடவ பயந்தாச்சு, ஒண்ணும் நடக்கல. இன்னும் எத்தன வேணும்?" என்பான். நான் விறைப்பாக, "எனக்கு என்ன பயம்?" என்று எழுந்து போய்விடுவேன். நடுங்குவதை யார் கண்ணிலும் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

உன் கடைசி மழைக்காலத்தில், கட்டிலருகே உட்கார்ந்து உன் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன். அத்தனை காலம் கேட்காமல் வைத்திருந்தது.

"அன்னைக்கு நீ எண்ணுனது நடுராத்திரியிலருந்துடி. அது செவ்வாய் ஓரை. தெரியாம எண்ணுனியா, தெரிஞ்சே சொன்னியா?"

நீ கண்ணைத் திறக்காமல் சிரித்தாய். "ஒனக்கு அப்பவே தெரியும்ல? நீ ஏன்டி வாயத் தொறக்கல?"

நான் உன் அடுத்த நகத்தை வெட்டினேன். நீ தூங்கிப்போனாய். உன் வகுப்பில் கரும்பலகையில் ஓரையை எங்கிருந்து எண்ணத் தொடங்குவாய் என்று உன் மாணவிகள் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இதில் பாதி எழுதியபோது மணி ஒன்பதரை. இந்நேரம் குரு ஓரைக்குள் அவனை உள்ளே கொண்டு போயிருப்பார்கள், இந்த முறையாவது கணக்குச் சரி என்று நினைத்து எழுதிக்கொண்டே வந்தேன். பத்தரைக்குக் கைப்பேசி அடித்தது. மருமகள் இல்லை. அவனேதான்.

"அம்மா, முன்னாடி போன கேஸ் இழுத்துருச்சாம். இப்பத்தான் என்னையக் கூப்புடுறாங்க. இவ அழுதுக்கிட்டே இருக்கா. குரு ஓரை போயிருச்சாம்."

எண்ணாமலே தெரிந்தது. புதன்கிழமை, பத்து மணிக்கு மேல். செவ்வாய்.

"அம்மா." பாலம் கட்டியவன் குரல் இல்லை அது. மரத்திலிருந்து விழுந்து வந்தவன் குரல். "இப்ப என்ன ஓரைம்மா?"

கத்தரிக்காய்க்குக் கூட நிறுத்துப் பார்க்காமல் விலை சொல்லாதவள் நான். தப்பான எழுத்தை விட்டுக்கொடுக்காதவள். விரலை மடக்கினேன். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து. புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன். மறுபடி புதன், சந்திரன், சனி.

"குரு ஓரைதான்டா. பதினோரு மணி வரைக்கும் இருக்கு. ஓரைக்கு எந்த ர போடணும்னே தெரியாதவளுக்கு ஓரை எண்ண மட்டும் தெரியுமாக்கும்? போயிட்டு வா."

அவன் சிரித்தான். சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கைப்பேசி இப்போது மேசைமேல் இருக்கிறது. அடிக்கவில்லை. தெரிந்தே சொன்னாயா என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன். அன்று பஸ்ஸில் என் நெற்றியில் இருந்த உன் கையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வரியை எழுதுகிற என் கையும் அதே போலச் சில்லென்று இருக்கிறது.